கோச்சியில ஏறி மெதுவா போங்க: மலைநாட்டுப் பயணம் பத்தி உங்க கேள்விகள்

இந்த முறை வந்த கடிதத்துலயும் வாட்ஸ்அப் மெசேஜ்லயும் பாதிக்கு மேல மலைநாட்டுப் பயணம் பத்தித்தான். ஆகஸ்ட் லீவு வருது, கொழும்பு வெக்கை தாங்க ஏலாம இருக்கு, பிள்ளைகளை எங்கயாவது கூட்டிட்டு போகணும்னு எல்லாருக்கும் ஒரே யோசனை. நான் கொட்டகலை பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்து 17 வயசுல கொட்டாஞ்சேனைக்கு வந்தவ, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளி வச்சிட்டு இதை மட்டும் எடுத்திருக்கேன்.

அக்கா, நாங்க நாலு பேர். மகனுக்கு 11 வயசு, மகளுக்கு 7. மூண்டு நாள்தான் லீவு. வான் ஒண்டு பிடிச்சு முதல் நாள் கண்டி, அடுத்த நாள் நுவரெலியா, மூண்டாம் நாள் எல்ல பாத்திட்டு இரவோட இரவா திரும்பலாம் எண்டு இவர் சொல்லுறார். சரிவருமோ?
— வெள்ளவத்தை வாசகி

போய் வரலாம் தங்கச்சி, ஆனா அந்த மூணு நாள்ல பாதி நேரம் பிள்ளைகள் வானுக்குள்ளதான் இருப்பாங்க, வளைவுல தலை சுத்தும், இறங்கி ஒரு போட்டோ எடுத்து முடிய முதலே ட்ரைவர் ஹோர்ன் அடிப்பாரு. என்னைக் கேட்டா மூணு ஊரை விட்டுட்டு ஒரே ஊர், ரெண்டு இரவு. அந்த ஊர் அப்புத்தளையா இருக்கட்டும்.

ஏன் அப்புத்தளைன்னா, முதல் காரணம் மழை. ஆகஸ்ட்ல தென்மேல் பருவக்காத்து அடிக்கும், அட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கமெல்லாம் குடை மடக்க ஏலாது. அதே காத்து நடு மலையில மழையைக் கொட்டிட்டு அந்தப் பக்கம் ஊவாவுக்கு இறங்கும்போது ஈரம் இல்லாம வறண்டு போய் இறங்கும், கச்சான்னு சொல்றது அதைத்தான். அதனால ஒரே நாள், ஒரே ட்ரெயின், தலவாக்கலையில ஜன்னலை மூடிட்டு உக்காந்திருப்பீங்க, பட்டிப்பொல தாண்டி உச்சி சுரங்கத்துக்குள்ள போய் ஒஹிய பக்கம் வெளிய வந்தா வெயில் அடிக்கும். சின்ன வயசுல எங்க அம்மா அந்த சுரங்கம் வரும்போது "இப்ப பாரு, வேற தேசம்"ன்னு சொல்லுவா, நானும் என் பிள்ளைகளுக்கு அதையேதான் சொன்னேன். எல்லா நாளும் அப்படி நடக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன், ஆனா நடக்கிற நாள்ல பிள்ளைகள் மறக்க மாட்டாங்க.

அதனால வானை விட்டுட்டு கோட்டை ஸ்டேஷன்ல இருந்து கோச்சியில போங்க. பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீட்டர் உயரத்துல இருக்கு, நம்ம நாட்டுல அதுக்கு மேல ஸ்டேஷன் கிடையாது. அந்தப் பாதை எவ்வளவு கஷ்டப்பட்டு ஏறினதுன்னு வருஷத்தைப் பாத்தாலே விளங்கும், கண்டிக்கு 1867ல வந்திடுச்சு, நானுஓயாவுக்கு 1885, அப்புத்தளைக்கு 1893, பதுளை போய்ச் சேர 1924. கண்டியில இருந்து பதுளைக்கு 57 வருஷம்! மகனுக்கு 11 வயசு தானே, மேப் ஒண்ணை கையில குடுத்து ஸ்டேஷன் பேரெல்லாம் எழுதச் சொல்லுங்க. ஒரு விஷயம், 2025 நவம்பர் கடைசியில வந்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையை பல இடத்துல உடைச்சிட்டு போனது, அதனால நீங்க போற வாரத்துல கோச்சி எது வரைக்கும் ஓடுதுன்னு ஸ்டேஷன்ல கேட்டுட்டு டிக்கெட் எடுங்க. ஓடாத துண்டுக்கு பஸ் இருக்கும்.

அப்புத்தளையில இறங்கினதும் எங்கயும் ஓடாதீங்க. ஊரே ஒரு மலை முதுகு மேல குந்திக்கிட்டு இருக்கு, ஒரு பக்கம் ரோட்டு ஓரம் நின்னா பண்டாரவளை பள்ளத்தாக்கு, மறுபக்கம் திரும்பினா தெற்குச் சமவெளி கீழ கிடக்கும், வானம் தெளிவா இருந்தா உடவளவ குளம் மின்னுறது தெரியும். முதல் நாள் பின்னேரம் அது போதும், ஒரு கடையில பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்கிக்கிட்டு பனி ஏறி வர்றதைப் பாருங்க.

மறுநாள் விடிய எழும்பி தம்பேதன்ன பஸ்ல ஏறுங்க. அங்க உள்ள தேயிலை ஃபேக்டரி 1890ல லிப்டன் கட்டினது, நாங்க தோட்டத்துல ஸ்டோர்னு தான் சொல்லுவோம். அங்க இருந்து லிப்டன் சீட்டுங்கிற மலை உச்சிக்கு ஏழு கிலோமீட்டர் போல ஏத்தம், 7 வயசுப் பிள்ளைக்கு ஏறுறது கஷ்டம், மேல போக த்ரீவீல் பிடிச்சு இறங்கும்போது நடந்து வாங்க. இறங்குற வழியெல்லாம் கொழுந்து எடுக்கிற பெண்கள், ஸ்கூலுக்கு போற பிள்ளைகள், கோயில், காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பிரட்டுக்களம், லயத்து வாசல்ல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு வாசல்ல, காயப்போட்ட துணி, எல்லாத்தையும் நடக்கிற வேகத்துல பாக்கலாம். வணக்கம் சொன்னா பதிலுக்கு பத்து கேள்வி கேப்பாங்க, நின்னு கதைங்க.

மூணாம் நாள் அதிஷம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931ல கட்டின கல் வீடு, இப்ப புனித பெனடிக்ட் சபை துறவிகளோட மடம். கிழமை நாள்ல பொதுவா உள்ள விடுறதில்ல, சனி ஞாயிறு இல்லாட்டி போயா நாள்ல போறது நல்லது, அதுக்கு ஏத்த மாதிரி லீவைப் போடுங்க. அவங்க செய்ற ஜேமும் கொய்யா ஜெலியும் வாசல்லயே விப்பாங்க. பக்கத்துல இருக்கிற காட்டுக்குப் பேரு தங்கமலை, பறவை பாக்க நல்ல இடம், வாயை மூடிக்கிட்டு பத்து நிமிஷம் நிக்கணும், அவ்வளவுதான். நேரம் மிஞ்சினா பண்டாரவளைக்கு அங்கால தோவ விகாரையில பாறையில செதுக்கின 38 அடி புத்தரைப் பாத்திட்டு வரலாம், மிஞ்சாட்டி அதுவும் வேணாம்.

ஸ்லோ டூரிசம், ஸ்லோ டூரிசம்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. காசு உள்ளவங்க பங்களாவுல தங்குற விஷயமா அது? என்கிட்ட மாசக் கடைசியில ஒரு பேக்பேக்கும் பஸ் காசும்தான் இருக்கும்.
— கொட்டாஞ்சேனை வாசகர், 24 வயசு

தம்பி, உங்ககிட்ட இருக்கிறது போதும். ஒரு இடத்துல கூட நேரம் இருக்கிறது, கால்ல நடக்கிறது, அந்த ஊர்க்காரங்க கடையில சாப்பிட்டு அவங்க வீட்டு ரூம்ல தங்குறது, அதுக்குத்தான் அந்தப் பேரு. எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் பஸ் காசு இல்லாம மலை மலையா நடந்த அதே பாதையில இன்னைக்கு வெளிநாட்டுக்காரங்க ஆசைப்பட்டு நடக்குறாங்க. பெக்கோ ட்ரெயில் கேள்விப்பட்டிருப்பீங்க, 300 கிலோமீட்டருக்கு மேல, 22 கட்டமா பிரிச்சிருக்காங்க. ஹந்தானையில தொடங்கி கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவன்னு போய், ஹோட்டன் சமவெளி ஏறி, அப்புத்தளை, எல்ல எல்லாம் சுத்திக்கிட்டு நுவரெலியாவுல முடியும். தேயிலை ஏத்திப் போக தோட்டத்துல வெட்டின பழைய பாதைங்கதான் முக்கால்வாசி.

நீங்க முதல் கட்டத்தை மட்டும் நடங்க. கண்டிக்கு விடியக்காலை ட்ரெயின், ஹந்தானை தேயிலை மியூசியம் வரைக்கும் த்ரீவீல், அது 1925ல கட்டின பழைய ஃபேக்டரி, பழைய உருளை மெஷினெல்லாம் அங்க வச்சிருக்காங்க, பாத்திட்டு கலஹா வரைக்கும் 12, 13 கிலோமீட்டர் நட. கலஹாவுல இருந்து கண்டிக்கு பஸ் இருக்கு. சாப்பாட்டுக்கு வழியில ஒரு சின்னக் கடையில ரொட்டியும் கட்டச்சம்பலும். கொழும்புல இருந்து பாண் கட்டிக்கிட்டு போகாதீங்க தம்பி, அந்தக் கடைக்காரம்மாவுக்கு உங்க 200 ரூபா போகட்டும்.

தனியா போகாம ஒரு கூட்டாளியைச் சேத்துக்கங்க. பனி இறங்கினா பாதை தெரியாது.

பிள்ளை, எனக்கு 76 வயது. ரயில்வேயில வேலை செய்து ஓய்வு பெற்றவன். மலைநாடு எண்டால் எல்லாரும் தேயிலை, தேயிலை எண்டு மட்டும்தான் கதைக்கினம். தேயிலைக்கு முதல் அந்த மலையில என்ன இருந்தது?
— பம்பலப்பிட்டி வாசகர்

ஐயா, இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

தேயிலைக்கு முதல் கோப்பி. கோப்பிக்கு முதல் காடு. காட்டுக்கு நடுவுல, பள்ளத்தாக்குல, வயலும் விகாரையும் வச்சிக்கிட்டு கண்டி ராச்சியத்துக் கிராமங்கள். அதுக்கும் முந்தி 14ஆம் நூற்றாண்டுல கம்பளை ஒரு தலைநகரம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தைப் பிடிச்சாங்களே ஒழிய இந்த மலையைப் பிடிச்சு வச்சிருக்க ஏலல, 1815 வரைக்கும் கண்டி தனி ராச்சியமா நின்னுச்சு. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்து ஆள், கண்டிக் குளம் அவர் காலத்துல வெட்டினது. 1815 மார்ச் 2ஆம் தேதி ஒப்பந்தம் ஆச்சு, 1817, 18ல ஊவா மக்கள் எதிர்த்து எழும்பினாங்க, அதை வெள்ளைக்காரன் அடக்கின பிறகு ரோட்டு வந்தது, ரோட்டுப் பின்னால கோப்பி வந்தது. 1823ல கம்பளைக்குக் கிட்ட சின்னப்பிட்டியில ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதைத்தான் தொடக்கமா சொல்லுவாங்க, மலையக மக்களோட 200 வருஷத்தை 2023ல நினைவுகூர்ந்ததும் அதை வச்சுத்தான்.

கோப்பிக்கு ஆள் வேணும், தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து தோணியில தலைமன்னார், அங்க இருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நட. ஐயா ரயில்வேயில இருந்தவரு, ரயில் இல்லாத காலத்துல அந்தத் தூரம் என்னன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. கொலராவுலயும் காய்ச்சல்லயும் பாம்பு கடிச்சும் எத்தனையோ பேர் வழியிலயே விழுந்தாங்க, புதைச்ச இடத்துக்கு ஒரு அடையாளமும் இல்ல. உயிரோட வந்தவங்க மாத்தளையில மாரியம்மனைக் கும்பிட்டாங்க, இன்னைக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்கு 108 அடி ராஜகோபுரம் நிக்குது. 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு அந்தப் பாதையையே திரும்ப நடந்தாங்க, நானும் கடைசி ஒரு நாள் சேந்து நடந்தேன், செருப்பு அறுந்து போய் ஓரமா உக்காந்தப்ப எங்க பூட்டி செருப்பே இல்லாம வந்திருப்பாளேன்னு நினைச்சு அழுகை வந்திடுச்சு.

1869ல கோப்பி இலையில துரு மாதிரி ஒரு பூஞ்சை நோய் வந்து பத்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள கோப்பி முழுக்க அழிஞ்சது. சிங்கோனா கொஞ்ச நாள் நட்டுப் பாத்தாங்க, கொயினா மருந்துக்கு. கடைசியில தேயிலை. லூல்கந்துரயில ஜேம்ஸ் டெய்லர் 1867லயே 19 ஏக்கர்ல நட்டிருந்தாரு, கோப்பி போனதும் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினாங்க. அவரோட வீட்டுப் புகைபோக்கி மிச்சமும் அவர் உக்காந்த கல் இருக்கையும் இன்னும் இருக்கு, பெக்கோ ட்ரெயில் அந்தத் தோட்டம் வழியாத்தான் போகுது. அங்க போறவங்க ஹேவாஹெட்ட பக்கத்துல முல்லோயா தோட்டத்தையும் கேட்டுப் பாருங்க. 1940 ஜனவரியில சம்பளம் கூட்டிக் கேட்ட போராட்டத்துல பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தது அங்கதான். டெய்லர் பேரு எல்லா டூர் புத்தகத்துலயும் இருக்கு, கோவிந்தன் பேரும் அதே பக்கத்துல இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு ஐயா. பச்சைப் பசேல்னு இருக்குதே இயற்கை அழகுன்னு சொல்லுவோம் இல்லையா, ஆனா நாம ரோட்டுல நின்னு பாக்கிற தேயிலை மலை மனுஷன் கையால ஆனது. காட்டை வெட்டினது, கல்லை அடுக்கி மண் சரியாம கட்டினது, கான் வெட்டினது, சவுக்கு மரம் நட்டது, எல்லாம் ஒரு சனத்தோட கூலி. பழைய காடு எப்படி இருந்ததுன்னு பாக்கணும்னா நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, இந்த மூணுக்கும்தான் போகணும், 2010ல யுனெஸ்கோ உலக மரபுரிமைன்னு பட்டியல்ல சேத்ததும் இந்த மூணையும்தான்.

உலக முடிவுக்கு எத்தனை மணிக்குப் போனா நல்லம்?
— தெஹிவளை வாசகி

உலக முடிவு இருக்கிற ஹோட்டன் சமவெளி வாசல் 6 மணிக்குத் திறக்கும், அந்த நேரத்துக்கே நில்லுங்க. ஒன்பது, பத்து மணி தாண்டினா பனி ஏறிடும், 870 மீட்டருக்கு மேல இறங்குற பள்ளம் வெள்ளைச் சுவர் மாதிரி ஆயிடும். சுத்தி வர கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர், தட்டை நிலம்தான், கல்லு வழி. பொலித்தீன் உள்ள கொண்டு போக விடமாட்டாங்க, பிஸ்கட் உறையைக் கூட வாசல்ல கழட்டி வாங்கிடுவாங்க, கோவிக்காதீங்க. மரைக்கு ஒண்ணும் தின்னக் குடுக்காதீங்க.

உலக முடிவைப் பாத்த உடனே திரும்பி ஓடி வராதீங்க, அங்க உள்ள குட்டை மரங்களைப் பாருங்க, பாசி தொங்கிக்கிட்டு, கிளையெல்லாம் வளைஞ்சு. பனி அந்த இலையில மோதி தண்ணியா சொட்டுது, மழை இல்லாத நாள்லயும் காடு இப்படி மேகத்துல இருந்து தண்ணி எடுக்குது. மகாவலி, களனி, வளவை மூணு கங்கைக்கும் தலைத்தண்ணி அங்கதான். அம்பத்தலையில களனி கங்கையில எடுத்து சுத்தம் பண்ணித்தான் கொழும்புக் குழாய்க்கு அனுப்புறாங்க, அதனால தெஹிவளையில நீங்க குடிக்கிற தண்ணிக்கும் அந்தப் பாசி மரத்துக்கும் சம்பந்தம் இருக்கு.

எங்கட வாப்பா சின்ன வயசுல பாவாதமலை ஏறினதா அடிக்கடி சொல்லுவார். நானும் அவரைப் போல ஏற ஆசை. ஆகஸ்ட்ல ஏலுமா? நாங்க போனா அங்க ஏதும் சொல்லுவாங்களா?
— மாளிகாவத்தை வாசகர்

யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தம்பி, வாப்பா ஏறின மலை உங்களுக்கும் உரியதுதான். பௌத்தருக்கு புத்தர் பாதம், எங்களுக்கு சிவனொளிபாதம், உங்களுக்கு ஆதம் நபி, ஒரே கல்லை இத்தனை மதமும் மதிக்குது. இப்னு பதூதா 1344ல வந்து ஏறியிருக்காரு, அப்பவே சங்கிலி பிடிச்சு ஏறினதா எழுதி வச்சிருக்காரு.

ஆகஸ்ட் மட்டும் வேணாம். டிசம்பர் போயாவுல தொடங்கி வெசாக் போயாவோட சீசன் முடியும், மத்த மாசத்துல லைட் இல்ல, கடை இல்ல, மழையும் காத்தும் படியெல்லாம் வழுக்கும். ஜனவரி, பெப்ரவரியில கிழமை நாளாப் பாத்து நல்லதண்ணிப் பக்கமா ஏறுங்க, 5,500 படி போல இருக்கு. வாப்பாவால நடக்க ஏலும்னா நல்லதண்ணி வரைக்குமாவது கூட்டிட்டு போங்க, கீழ நின்னு லைட் வரிசை மலையில ஏறிப் போறதைப் பாத்தாலே அவருக்கு எல்லாம் ஞாபகம் வரும். அட்டன் டவுன்ல பள்ளிவாசல் இருக்கு, ஹலால் சாப்பாட்டுக் கடையும் இருக்கு.

அம்மாவுக்கு மண்சரிவு பயம். டிவியில பாத்ததுல இருந்து மலைப்பக்கமே போக வேணாம்னு சொல்றாங்க.
— வத்தளை வாசகர்

அம்மா பயப்படுறது நியாயம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்து மேல மலை சரிஞ்சதை நாங்க யாரும் மறக்கல, டித்வாவுல போன உயிர்களோட துக்கம் இன்னும் ஆறல. ஆனா பயத்தை ஒரு ஒழுங்குக்கு கொண்டு வரலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியா மண்சரிவு எச்சரிக்கை விடுது, மஞ்சள்னா கவனமா இரு, செம்மஞ்சள்னா வெளியேற தயாரா இரு, சிவப்புன்னா உடனே வெளியேறு. போற ஊர்ப் பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளி வைங்க, ரூம் காசு போனா போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117ல கேக்கலாம். மழை நாள்ல நிலத்துல புது வெடிப்பு, மரம் சாய்ஞ்சு நிக்கிறது, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி வர்றது, இதுல ஒண்ணு கண்ணுல பட்டாலும் அங்க நிக்காதீங்க.

நாம பயணத்தைத் தள்ளி வைக்கலாம். லயத்துல இருக்கிறவங்களுக்கு தள்ளி வைக்க ஒண்ணும் இல்ல, அவங்களுக்கு பாதுகாப்பான நிலத்துல வீடு வேணும்னு கேக்குறது கொழும்புல இருக்கிற நம்ம வேலையும்தான்.

அக்கா, பேர் போட வேணாம். எங்க தாத்தா பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தவரு. அப்பா சின்னதுலயே கொழும்புக்கு கடை வேலைக்கு வந்திட்டாரு. நான் தோட்டத்து ஆளுன்னு ஆபிஸ்ல யாருக்கும் சொன்னதில்ல. இப்ப 14 வயசு மகள் தாத்தா இருந்த லயத்தைக் காட்டுங்கன்னு கேக்குறா. டூரிஸ்ட் மாதிரி போய் நிக்க வெக்கமா இருக்கு. என்ன செய்றது?
— வாசகி

தங்கச்சி, உங்க மெசேஜை மூணு தரம் வாசிச்சேன். நானும் கொழும்புக்கு வந்த முதல் வருஷம் எந்த ஊருன்னு கேட்டா கண்டின்னு சொன்னவதான்.

நீங்க டூரிஸ்ட் இல்ல, அது முதல்ல. ஆனா உறவு விட்டுப்போய் எத்தனையோ வருஷம், அதனால நேரா லயத்து வாசல்ல போய் நிக்காதீங்க. முதல்ல தோட்டத்துக் கோயிலுக்குப் போங்க. பூசாரியாரையோ கோயில் கமிட்டி பெரியவரையோ பிடிச்சு தாத்தா பேரு, தாத்தாவோட அப்பா பேரு, எந்த டிவிஷன், யாரு கங்காணின்னு தெரிஞ்சதைச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு கிழவி வந்து நிப்பா, "அட, அவரு பேத்தியா நீ"ன்னு. அதுக்கு அப்புறம் உங்களுக்கு நான் வழி சொல்லத் தேவையில்ல. பின்னேரம் மலையில இருந்து வந்து குளிச்சு முடிஞ்ச நேரமா போங்க, வேலை நேரத்துல போனா அவங்களுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம் ஆயிடும். கையில ஒரு கிலோ சீனியும் பிஸ்கட்டும் கொண்டு போறது மரியாதை, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற மாதிரி.

மகளுக்கு போறதுக்கு முந்தியே கதையைச் சொல்லிடுங்க. 1948ல குடியுரிமை பறிச்சது, 1964ல இலங்கை, இந்தியா ரெண்டு அரசாங்கமும் உக்காந்து இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்குன்னு பிரிச்ச ஒப்பந்தம், அப்புறம் ஒரே லயத்துல அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இங்கயும்னு ஆனது, தலைமன்னாருக்குப் போற ட்ரெயினை அழுகைக் கோச்சின்னு பெரியவங்க சொன்னது. எல்லாருக்கும் பிரஜாவுரிமைன்னு சட்டம் வர 2003 ஆச்சு. 14 வயசுக்கு இதெல்லாம் விளங்கும். 10க்கு 12 அடி காம்பராவைப் பாக்கும்போது இந்தக் கதை தெரிஞ்சிருந்தா அவ இரக்கப்பட மாட்டா, மரியாதை வரும்.

போட்டோ பத்தி ஒண்ணு, இதை எல்லாருக்கும் சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன எங்க தோட்டத்துக்குப் போயிருந்தப்ப ஒரு டூர் வான் வந்து நின்னுச்சு, கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த எங்க சித்தியை கூப்பிட்டு கூடையை இப்படி மாட்டுங்க, சிரிங்கன்னு சொல்லி படம் எடுத்தாங்க, பிள்ளைகளுக்கு டொபியை ரோட்டுல விட்டெறிஞ்சாங்க, போயிட்டாங்க. சித்தி அன்னைக்கு கொழுந்து எடை குறைஞ்சு நின்னா. ஒரு வார்த்தை பேர் கூட கேக்கல அவங்க. படம் எடுக்க ஆசைன்னா முதல்ல பேரைக் கேளுங்க, எடுக்கவான்னு கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க. ட்ரோன் லயத்து மேல பறக்க விடாதீங்க, பெண்கள் பீலியில குளிக்கிற இடம் அது.

மாசி மாசத்துல போக முடிஞ்சா இன்னும் நல்லது, காமன் கூத்து நடக்கிற தோட்டமா இருந்தா தப்புச் சத்தம் கேட்டு இரவு முழுக்க முழிச்சிருக்கலாம். மகள் கேக்கட்டும் அந்தச் சத்தத்தை.

அட்டைக்கு என்ன செய்றது?
— கிராண்ட்பாஸ் வாசகர்

நீளமான மேசு, அதுக்கு மேல சவர்க்காரத்தை நனைச்சுத் தேச்சுக்கங்க. கடிச்சிடுச்சுன்னா பிடுங்காதீங்க, தேசிக்காயோ உப்போ வச்சா தானா விழும். ரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயம் இல்ல.

வரும்போது என்ன வாங்கிட்டு வரலாம்? தேயிலை எது நல்லது?
— முகத்துவாரம் வாசகி

வெலிமடைப் பக்கம் வந்தா உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், ரோட்டுக் கடையில மண்ணோட இருக்கிறதை வாங்குங்க. தேயிலைன்னா நீங்க போற மாசம்தான் ஊவாத் தேயிலைக்கு நல்ல காலம், ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த வறண்ட கச்சான் அடிக்கும்போது கொழுந்துக்கு ஒரு தனி வாசம் ஏறும், குடிச்சா தொண்டையில லேசா குளிர்ற மாதிரி இருக்கும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் போறவங்க திம்புள்ள, நுவரெலியாத் தேயிலை வாங்கணும், அங்க அப்பதான் காலம். பால் ஊத்திக் குடிக்க டஸ்ட் நல்லா இருக்கும், பிளேன்டீக்கு பீஓபீ (புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ) வாங்குங்க.

ஃபேக்டரி பாக்கப் போறதா இருந்தா திங்கட்கிழமை வேணாம். ஞாயிறு மலையில கொழுந்து எடுக்காட்டி வாட்டுறதுக்கு இலை இல்ல, மறுநாள் மெஷின் ஓடாது. செவ்வாய்க்கிழமை காலையில போனா இலை வாட்டுற வாசத்துல இருந்து சூட்டு அடுப்பு வரைக்கும் எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும், உள்ள போன உடனேயே அந்த வாசம் உடுப்புல பிடிச்சிடும், கொழும்புக்கு வந்து பேக்கைத் திறக்கும்போதும் இருக்கும்.